முகாமில் 21 கேள்விகள்

ஜூன் 8, ஞாயிறு. காரைக்குடி

எம்.ஏ. உளவியல் ஆய்வேட்டுக்காகத் திருமயம் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போய்வந்தேன். கையில் டெடெஸ்கி, கால்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1996இல் வெளியிட்ட வினாத்தாள், நானே எளிய தமிழில் மாற்றி எழுதியது. 21 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். பெரிய அடி விழுந்தபின் ஒருவரிடம் நல்லதாக எது மாறியது என்பதைக் கேட்கிறது: மனிதர்களோடு நெருக்கம், புது வழி, மனத்திடம், இறைநம்பிக்கை, வாழ்க்கையின் அருமை.

அடிபட்டது நல்லது என்று அந்த உளவியலாளர்கள் எங்குமே சொல்லவில்லை. பட்டதோடு மல்லுக்கட்டி, அதையே திரும்பத் திரும்ப யோசித்து, நம்பிக்கையான யாரிடமாவது பேசி, அப்படித்தான் மாற்றம் வருகிறது என்கிறார்கள். வலியும் கூடவே இருக்கும். இதை வகுப்பில் படித்தபோது சரி என்று தலையாட்டியதோடு சரி.

ஜூன் 11, புதன்

இன்று பேசிய அம்மா 1990இல் தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவர். நடு இரவில் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரர் போய்விட்டாராம். இடுப்பில் கைக்குழந்தை. விடிந்து வெயிலேறும்வரை தண்ணீர் இல்லை.

'நினைத்ததைவிட நான் திடமானவள்' என்ற வாக்கியத்தில் பேனாவை வைத்தவர், எழுதாமல் நிறுத்திவிட்டார். "ஓம் பிள்ளை, திடமாத்தான் இருக்கிறன். ஊரில கடைக்குக்கூடத் தனியப் போகமாட்டன், இப்ப கலெக்டர் ஆபீசில நிண்டு கதைக்கிறன். ஆனா இதுக்கு அஞ்சு போட்டா, நடந்தது எல்லாம் நல்லதுக்குத்தான் எண்டு ஆயிடாதோ?"

அப்படி ஆகாது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கடைசியில் 5 என்று போட்டார், பக்கத்தில் சின்ன எழுத்தில் அவரே எழுதினார்: 'திருவிழா வேட்டுச் சத்தம் கேட்டால் இண்டைக்கும் கட்டிலுக்குக் கீழ போயிடுவன்.' வினாத்தாளில் இதற்கு இடமே கிடையாது. எனக்கு அந்த ஓர வரிதான் 5ஐவிட முக்கியமாகப் படுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

அப்பத்தாவிடம் முகாம் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தொண்ணூறு ஆகிறது. அவருடைய அப்பா பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் எடுபிடியாக இருந்தவர். ரங்கூனில் 1941 டிசம்பரில் ஜப்பான்காரர்கள் குண்டு போட்டபின் கிளம்பி, 1942இல் அரக்கான் மலை தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் காலராவில் அப்பத்தாவின் தம்பி போய்விட்டான். இங்கே பர்மா என்றால் வீட்டுத் தேக்குத் தூணைத்தான் காட்டுவோம், நடந்து வந்தவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு.

1990இல் முகாமுக்கு ஆட்கள் வந்தபோது அப்பத்தா தெருவில் வீடு வீடாகக் கேட்டுப் பாத்திரமும் போர்வையும் சேர்த்து மாட்டுவண்டியில் கொண்டுபோய்க் கொடுத்ததாக அப்பா சொல்லியிருக்கிறார். ஏன் அப்பத்தா என்றேன்.

"சிட்டகாங்குல ஒரு பொம்பள எங்களுக்குக் கஞ்சி ஊத்துனா. பேரும் தெரியாது, பாசையும் தெரியாது. அவளுக்குத் திருப்பிக் குடுக்க நான் எங்கடி போவேன்?"

அதற்குமேல் பேசவில்லை. தம்பி பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. எண்பத்து மூன்று வருசம் ஆகியும்.

ஜூன் 20, வெள்ளி

உலக அகதிகள் நாள். காலையிலிருந்து வாட்ஸப்பில் 'துயரத்தை வென்ற மனிதர்கள்' என்று வாழ்த்து வருகிறது. படிக்கப் படிக்க எரிச்சல்தான். வென்றுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டால் நாம் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது, அந்த அம்மா பயந்ததும் இதைத்தானே.

2021இல் அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது, புது வீடுகளும் அறிவித்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் குடியுரிமை இல்லை. 2019இல் வந்த சட்டத்திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றைச் சொன்னது, இலங்கையைச் சேர்க்கவில்லை. முகாமில் ஒரு பையன் பொறியியல் முடித்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கப் போகிறான். 'புது வழிகள் திறந்தன' என்ற வாக்கியத்துக்கு அவன் 0 போட்டான். அவன் மனத்தில் குறை தேட எனக்கு மனமில்லை, வழி நிஜமாகவே அடைத்திருக்கிறது.

போஸ்னியப் போருக்குப் பின் அந்நாட்டுத் தலைநகர் சரயேவோவில் அகதிகளாக இருந்து திரும்பியவர்களிடம் இதே வினாத்தாளைக் கொடுத்து 2003இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. மற்ற இடங்களைவிட அங்கே மதிப்பெண் குறைவு. நிலைமை தீராதவர்களிடம் போய் வளர்ந்தாயா என்று கேட்பதற்கு ஒரு அளவு வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

மறுபடி முகாம். அந்த அம்மா பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: 2022இல் இலங்கையில் விலைவாசி தாங்காமல் ஆட்கள் தனுஷ்கோடிக்கு வந்து மண்டபம் முகாமில் இருந்தபோது, அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தாராம். சொந்தக்காரர் யாரும் இல்லை. குழந்தையோடு வந்த ஒரு பெண் பக்கத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாராம்.

"என்ன பேசினீங்கம்மா?"

"ஒண்டும் கதைக்கேல்லை. அவ அழுது முடியட்டும் எண்டு பிள்ளையை வச்சிருந்தன். பிறகு தான் எப்பிடி வந்தனெண்டு அவ சொன்னா, நானும் சொன்னன். மணல் திட்டுக் கதையை அண்டைக்குத்தான் முதல்முதலா வேற ஆளுக்குச் சொன்னது."

ஆய்வு வழிகாட்டியிடம் போனில் பேசிவிட்டேன். 21 வாக்கியங்களுக்குப் பிறகு ஒரு பக்கம் வெறுமையாக விடப்போகிறேன், அவரவர் இஷ்டத்துக்கு எழுத, எழுத வராதவர்கள் சொல்ல. 0 போட்ட பையனிடமிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன், வேலைக்குப் போகாத நாள் பார்த்து வரச் சொல்லியிருக்கிறான்.