ஜவான்களுக்குக் கட்டிய பார்சலில் நர்ஸுகளுக்கும் ஒரு பங்கு

போன குளிர்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு லடாக்கில் பணி. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைக்காரர். 1780-இல் தொடங்கிய அந்தப் படையின் தலைமையகம் இங்கே பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. "உதடு வெடிச்சு ரத்தம் வருதாம்" என்று கோயிலில் ஒரு அக்காவிடம் சொன்னேன். பத்தே நாளில் 31 வீடுகளிலிருந்து சாமான் வந்து எங்கள் கூடத்தில் நடக்க இடமில்லை. கம்பளி சாக்ஸ், வாசலின், தேங்காயெண்ணெய், பிஸ்கட், கோடி வீட்டுப் பாட்டி இடித்த பருப்புப் பொடி. அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியைத் தொடும் முன்பே கொதித்துவிடும், பருப்பு லேசில் வேகாது. பொடி என்றால் சோற்றில் பிசைந்தால் போதும்.

பார்சலைத் துணி சுற்றித் தைத்தோம். முகவரியில் ஊர்ப் பெயர் வராது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், அப்புறம் 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் நிலையம். பின்கோடு 9-இல் தொடங்கும். தீப்பெட்டி, லைட்டர் வைக்கவே கூடாது.

மூன்றாவது வாரம் இவர் போன் செய்தார். எல்லாருக்கும் கொடுத்தும் மிச்சம் இருக்கிறதாம். முந்தைய மாதம் வண்டி கவிழ்ந்து ஒரு தம்பிக்கு அடிபட்டபோது முதலில் பார்த்தது பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரிதான். "அங்க இருக்கறவங்களுக்குக் கொடுக்கலாமா?" என்றார்.

எனக்கும் ஆசைதான். ஆனால் அது எங்கள் பொருள் இல்லையே. ஜவானுக்கு என்று சொல்லி வாங்கியதை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால், கொடுத்தவர்களைக் கேட்டாக வேண்டும். 31 வீட்டுக்கும் நடந்தேன். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். அவர்கள் கொடுத்தது ஜவான்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பாட்டியின் பேரனும் பட்டாளத்தில்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பொண்ணுங்களும் ராத்திரியெல்லாம் முழிச்சிருக்குதுங்கல்ல, குடு" என்றார்.

இவர் தன் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார். பிறகு ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸிடம் பேசினார். வீட்டில் செய்த தின்பண்டம் வேண்டாம், தேதி போட்ட சீல் பாக்கெட் மட்டும், வார்டுக்குள் போட்டோ கூடாது என்று அந்த அம்மா சொன்னது சரியான பேச்சு. பாட்டியின் பொடி ஜவான்களுக்கே போனது.

முதல் தடவை ஒரு தப்பு செய்துவிட்டோம். பகல் 11 மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததில், பகல் ஷிப்டோடு எல்லாம் தீர்ந்துபோனது. ராத்திரி நர்ஸ், ஆயா, ஆம்புலன்ஸ் டிரைவர் யாருக்கும் ஒன்றும் இல்லை. இதைக் கேட்டபோது மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. எத்தனை பேர், யாருக்கு எந்த ஷிப்ட் என்று முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை அந்தக் கணக்கை வாங்கி, ராத்திரிக்காரர்களின் பைகளைத் தனியாகக் கட்டிச் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டேன்.

பிஸ்கட்டை விட அவர்கள் அதிகம் கேட்டது வாசலினும் எண்ணெயும்தான். ஒவ்வொரு நோயாளியைத் தொட்டதும் கை கழுவுகிறார்கள். அந்தக் குளிரில் விரல் மூட்டெல்லாம் பிளந்துவிடுகிறது. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடுமே, என்ன செய்வார்கள் என்று கவலைப்பட்டேன். ஒரு நர்ஸ் சின்ன டப்பாவைக் கோட்டுக்கு உள்பையில் போட்டுக்கொள்கிறாராம், உடம்புச் சூட்டில் இளகிவிடுகிறதாம். அதனால் பெரிய டின்னை விட்டுவிட்டுச் சின்ன டப்பாவாகவே வாங்க ஆரம்பித்தோம்.

மூன்றாவது பார்சல் கட்டும்போது பாட்டி வந்தார். ஒரு கையில் வழக்கமான பொடி. சேலைத் தலைப்பை அவிழ்த்தால் ஆறு வாசலின் டப்பா, பென்ஷன் பணத்தில் வாங்கியது. "பொடி பட்டாளத்துக்கு. இது அந்தப் பொண்ணுங்களுக்கு, சிவப்பு நூல் பையில போடு" என்றார்.