கிராம் தராசும் ஒரு நோட்டும்: வீட்டு விலங்குகளின் உடல்நலக் கணக்கு

வீட்டில் இப்போது ஒரு முயல், இரண்டு கினிப் பன்றிகள் (பெயர்தான் பன்றி, எலி இனத்தைச் சேர்ந்த சிறு பிராணி), ஒரு ஜோடி பட்ஜி (சின்னக் கிளி வகை), ஒரு ஆண் பூனை, ஒரு மீன் தொட்டி. ஒருவருக்கு ஆகும் தீனி இன்னொருவருக்கு ஆகாது. ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு விஷம். இத்தனை பேரின் உடம்பையும் ஒரே நோட்டில் பின்தொடர முடியுமா என்று பார்க்கத்தான் இதைத் தொடங்கினேன். வாராவாரம் எடை போடுவது, தினமும் தின்றதையும் கழிந்ததையும் பார்த்து ஒரு வரி எழுதுவது. திட்டம் அவ்வளவுதான். சில மாதங்கள் ஆகிவிட்டன. இதுவரை தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

எடையில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், முயலும் கினிப் பன்றியும் பட்ஜியும் காட்டில் பிறருக்கு இரையாகிற இனங்கள். தளர்ந்து தெரிவதுதான் முதலில் பிடிபடும். அதனால் உடம்புக்கு முடியாததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது அவற்றின் பிறவிக்குணம். பட்ஜி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்திருப்பது நம் கண்ணில் படும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். மெலிந்த உடம்பை இறகும் ரோமமும் மூடி மறைத்துவிடும். தராசிடம் அது நடக்காது.

வாங்கியது ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு. செல்லப் பிராணிக்கென்று ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். வளர்ந்த பட்ஜியின் எடையே 30 முதல் 40 கிராம்தான். அதில் 3 கிராம் குறைவது, 60 கிலோ உள்ள மனிதர் ஐந்தாறு கிலோ இழப்பதற்குச் சமம்.

பட்ஜிகளைப் பழக்கியதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தராசின் மேல் ஒரு சிறிய குச்சித் தாங்கியை வைத்து, பக்கத்தில் தினைக் கதிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பெண் சீக்கிரம் வந்துவிட்டது. ஆணுக்குத் தராசின் விளக்கு எரிவதே பயம். விளக்கின் மேல் காகிதம் ஒட்டிய பிறகுதான் ஏறியது. கையால் பிடித்து எடை போடுவதை நான் தவிர்க்கிறேன். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம், அதாவது மூச்சை இழுக்க உதவும் வயிற்றுக்கு மேலுள்ள தசை, கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு விட முடியும். மார்பை அழுத்திப் பிடித்தால் மூச்சே நின்றுவிடும். எடை போட ஏற்ற நேரம் காலை, தீனி வைப்பதற்கு முன். தின்ற பிறகு போட்டால் எண் ஏறி இறங்கிக் குழப்பும். இப்போது பெண் 37, ஆண் 35. வாரத்துக்கு வாரம் ஒரு கிராம் கூடிக் குறைவது இயல்புதான்.

இந்த நோட்டு தன் பயனைக் காட்டியது மூத்த கினிப் பன்றியிடம். ஒரு வாரம் 940 கிராம், அடுத்த வாரம் 915, அதற்கடுத்து 880. நான் போனதும் வழக்கம்போலக் கீச்சிட்டுக்கொண்டு ஓடி வந்தது. புல்லை வாயில் எடுத்தது. பார்க்கிற யாரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். எண்களை மட்டும் நம்பி அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் விசாரித்தது வைட்டமின் சி பற்றி. மனிதரைப் போலவே கினிப் பன்றியாலும் அதை உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது. நார்வேயின் ஆக்செல் ஹோல்ஸ்டும் தியோடோர் ஃப்ரோலிக்கும் 1907இல், இந்த வைட்டமின் குறைந்தால் வரும் ஸ்கர்வி நோயை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டியதே கினிப் பன்றிகளில்தான். நாள்தோறும் உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கும், ஈறு கசியும், ரோமம் சொரசொரப்பாகும். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து வெளிச்சம் பட்டுச் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும் என்பதால், நான் தினமும் குடைமிளகாய்தான் கொடுத்து வந்தேன். ஆகவே காரணம் அதுவல்ல.

வாயைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது. கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாக வளைந்து, நாக்கின் மேல் பாலம் கட்டத் தொடங்கியிருந்தன. புல்லை வாயில் எடுக்கும், மெல்ல முடியாது. இவற்றின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை; உலர்புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். மயக்கம் கொடுத்துத் தேய்த்துவிட்டார்கள். சில நாட்களுக்குக் குழைத்த தீனியை ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டினேன். போன வாரம் 925. எனக்கு நிம்மதி.

முயலின் எடை ஆடவே இல்லை, 2.1 கிலோவிலேயே நிற்கிறது. அதற்கு வேறு கணக்கு வேண்டியிருந்தது: புழுக்கை. முயலின் உடல்நிலையை அவ்வளவு நேர்மையாகச் சொல்வது வேறெதுவும் இல்லை. உருண்டையாக, ஒரே அளவில், நார் தெரிய இருந்தால் குடல் சரியாக ஓடுகிறது. சிறுத்தாலோ குறைந்தாலோ உடனே கவனிக்க வேண்டும். ரோமம் உதிரும் பருவத்தில் புழுக்கைகள் முடியில் கோத்த மாலையாக விழுந்தன. தன்னையே நக்கிச் சுத்தம் செய்யும்போது முடியையும் விழுங்குகிறது. முயலால் வாந்தி எடுக்க முடியாது, எல்லாம் குடல் வழியாகவே போயாக வேண்டும். தினமும் சீவிவிட்டேன், கடைத் தீனியைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டினேன், தண்ணீரைக் குழாய்ப் பாட்டிலுக்குப் பதில் கிண்ணத்தில் வைத்தேன். கிண்ணத்தில் கூடுதலாகக் குடிக்கிறது. மாலை அறுந்தது. இதெல்லாம் முயல் நன்றாகத் தின்றுகொண்டிருந்தால் செய்யக்கூடியவை. அரை நாள் எதையும் தொடாமல், புழுக்கையும் போடாமல் மூலையில் ஒடுங்கியிருந்தால் அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பூனையின் எண் எதிர்த் திசையில் போனது. மெதுவாக, மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தது. விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தது. எந்நேரமும் கிண்ணம் நிறைய வைக்காமல், தீனியை எடை போட்டு, நேரம் பிரித்து வைக்கத் தொடங்கினேன். பூனையைப் பட்டினி போட்டு மட்டும் இளைக்க வைக்கக் கூடாது. குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். வாரத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். பூனையின் மணல் தட்டில் சிறுநீர் பட்டு மணல் இறுகும் கட்டிகளையும் எண்ணுகிறேன், ஏனென்றால் ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் குறுகலானது. அடிக்கடி போய் உட்கார்ந்தும் கட்டி விழாவிட்டால் அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும்.

மீன்களுக்குத் தராசு இல்லை, தண்ணீர்ச் சோதனைதான். மீன் கழிவிலிருந்து உண்டாகி மீனுக்கே விஷமாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் ஏறினால் கால் பங்குத் தண்ணீரை மாற்றுகிறேன். ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுவேன். குழாய்த் தண்ணீரின் குளோரின் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் யாருக்கு எது ஆகாது என்று எழுதி வருகிறேன். அந்தப் பக்கம்தான் சீக்கிரம் நிறைகிறது. வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் பூனைக்கு வழக்கமான மருந்து. முயலுக்கும் கினிப் பன்றிக்கும் குடல் பாக்டீரியாவைக் குலைத்துச் சாகடிக்கும். நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் பாராசிட்டமாலும் பூனைக்கு எமன். லில்லிப் பூவின் மகரந்தம் ரோமத்தில் பட்டு, அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். ஒட்டாத பூச்சுள்ள வாணலி அதிகமாகக் காய்ந்தால் எழும் புகையில் பட்ஜி நிமிடங்களில் விழுந்துவிடும். அந்த வகைப் பாத்திரங்களை வீட்டைவிட்டே எடுத்துவிட்டேன்.

இப்போது மூன்றாவது பட்ஜி ஒன்று வந்திருக்கிறது. தனி அறை, தனிக் கிண்ணம். மற்றவர்களைக் கவனித்து முடித்த பிறகுதான் அதனிடம் போகிறேன், வந்ததும் கை கழுவுகிறேன். ஒரு மாதம் கழியாமல் சேர்க்கப் போவதில்லை. வந்தபோது 31 கிராம், இன்று காலை 33. எச்சத்தில் பச்சையும் வெள்ளையும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. அடுத்த வேலை, மருத்துவரிடம் கொண்டுபோகும் கூடைக்குள் பூனையைத் தானாகவே நுழையப் பழக்குவது. கூடத்தில் கூடையை, அதன் கதவைக் கழற்றிவிட்டு, வைத்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறது. இந்த வாரம் கதவை மாட்டிப் பார்க்க வேண்டும்.