வாங்குவதை நிறுத்திய பிறகு எழுந்த அணி

பல ஆண்டுகளாக நான் பின்தொடரும் ஒரு கால்பந்துக் கழகம், அதன் பெயர் இங்கே வேண்டாம், இந்தப் பருவத்திலும் புள்ளிப் பட்டியலின் அடியில்தான் கிடக்கிறது. தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்றால் பயிற்சியாளரை மாற்றுகிறார்கள். புதிதாக வருபவர் தமக்குப் பழக்கமான நான்கு வீரர்களைக் கேட்கிறார். அந்த நால்வரும் ஊருக்கும் உணவுக்கும் பழகி முடிப்பதற்குள் அவரும் போய்விடுகிறார். "இன்னும் இரண்டு நல்ல வீரர்கள் கிடைத்தால் போதும்" என்று நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கழகத்தின் நினைவுதான் வருகிறது. ஏனென்றால், இன்னும் இரண்டு நல்ல வீரர்கள் என்ற ஆசையால்தான் அந்தக் கழகம் ஏறக்குறைய அழிந்தே போனது.

பொருசியா டோர்ட்மண்ட் 1997இல் யுவென்டஸை 3-1 என்று வென்று ஐரோப்பாவின் சாம்பியன் ஆன கழகம். 2000ஆம் ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தையில் நுழைந்தது. ஜெர்மனியில் எந்தக் கால்பந்துக் கழகமும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. திரட்டிய பணம் மார்சியோ அமொரோசோ போன்ற விலையுயர்ந்த வீரர்களின் மீது கொட்டப்பட்டது. 2002இல் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவின் பட்டமும் கிடைத்தது. ஆனால் அந்தச் செலவு முழுவதும், ஆண்டுதோறும் ஐரோப்பாவின் சிறந்த கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடுவோம், அதன் வருமானம் தவறாமல் வரும் என்ற நம்பிக்கையின் மீது கட்டப்பட்டது. ஓர் ஆண்டு அந்த வாய்ப்பு தவறியதும் சம்பளப் பட்டியல் அப்படியே நின்றது, வருமானம் மட்டும் நின்றுபோனது. ஒரு சொத்து நிதியத்திற்கு மைதானத்தை விற்றுவிட்டு, சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருக்கும் நிலை வந்தது. கடன் 10 கோடி யூரோவைத் தாண்டியது. பரம எதிரியான பயர்ன் மியூனிக்கிடமிருந்து 20 இலட்சம் யூரோ கைமாற்று வாங்க நேர்ந்ததை டோர்ட்மண்ட் ரசிகர்கள் இன்றும் நினைக்க விரும்புவதில்லை.

2005 மார்ச் 14 அன்று, டூசல்டார்ஃப் விமான நிலையத்தில், மைதானத்தை வைத்திருந்த நிதியத்தின் முதலீட்டாளர்கள் கூடினார்கள். வாடகையைத் தள்ளி வைக்கும் மீட்புத் திட்டத்திற்கு அவர்கள் இணங்கியிருக்காவிட்டால் கழகம் திவாலாகியிருக்கும். 94 விழுக்காட்டுக்கும் மேலானோர் இணங்கினார்கள். ஓர் அணியின் மறுகட்டுமானம் பயிற்சித் திடலில் தொடங்குவதில்லை, இப்படிப்பட்ட கூட்ட அறைகளில்தான் தொடங்குகிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு முந்தைய மாதம்தான் ஹான்ஸ்-யோவாகிம் வாட்ஸ்கே நிர்வாகப் பொறுப்பை ஏற்றிருந்தார். தீயணைப்பு வீரர்களுக்கான பாதுகாப்பு உடைகள் தயாரிக்கும் நிறுவனத்தைச் சொந்தமாக நடத்தியவர் அவர். வரவுக்கு மேல் செலவு செய்யக்கூடாது என்பதை அறிந்தவர். அந்த ஆண்டின் இறுதியிலிருந்து மைதானம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. விளையாட்டு இயக்குநராக, அந்தக் கழகத்திலேயே வளர்ந்து அதன் தலைவராக ஆடிய மிஷாயெல் ஸோர்க் நீடித்தார்.

ஆனால் கணக்கு சீரானதும் ஆட்டம் தானாகச் சீராகிவிடவில்லை, பலரும் இந்த இடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள். 2006-07 பருவத்தில் மட்டும் மூன்று பயிற்சியாளர்கள். 2007-08இல் அணி 13ஆவது இடத்தில் முடிந்தது. 34 ஆட்டங்களில் எதிரணிகளிடம் 62 கோல்கள் வாங்கியது. அந்த 2008 கோடையில்தான் மைன்ஸ் கழகத்திலிருந்து யூர்கன் க்ளோப் வந்தார்.

அவர் வந்ததும் நடந்தவற்றின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் ஆடும் முறை முடிவானது, பிறகுதான் ஆட்கள். அணிக்காக அதிக கோல்கள் அடித்த ம்லாடன் பெட்ரிச்சை ஹாம்பர்க்கிற்கு அனுப்பிவிட்டு, மைன்ஸில் க்ளோப்பிடம் ஏற்கெனவே ஆடிய முகமது ஸிதானையும் கொஞ்சம் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். நலிந்த அணி தன் சிறந்த கோல் வீரரை விடுவது பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பின்வரிசையின் நடுவில் மாட்ஸ் ஹும்மல்ஸும் நெவன் சுபோட்டிச்சும் நிறுத்தப்பட்டார்கள்; பருவம் தொடங்கியபோது இருவருக்கும் வயது 19. அந்தப் பருவத்தில் வாங்கிய கோல்கள் 62இலிருந்து 37ஆகக் குறைந்தன. பட்டியலில் ஆறாவது இடம். அடுத்த ஆண்டு ஐந்தாவது. பெரிய பாய்ச்சல் எதுவும் இல்லை. ஆனால் யாரும் பயிற்சியாளரின் தலையைக் கேட்கவில்லை.

அந்த ஆட்ட முறையை நான் நேரில் பார்த்தேன். 2010 இலையுதிர் காலத்தில் படிப்பிற்காக ஜெர்மனியில் இருந்தபோது, ஒரு நண்பரின் அனுமதிச் சீட்டில் டோர்ட்மண்டின் தெற்கு மேடையில் நின்றேன். ஏறத்தாழ 25,000 பேர் உட்கார இருக்கையே இல்லாமல் நின்றபடி பார்க்கும் செங்குத்தான மேடை அது. தொலைக்காட்சியில் பந்து இருக்கும் இடம் மட்டுமே தெரியும். அந்த உயரத்திலிருந்து முழுத் திடலும் தெரிந்தது. மாரியோ கோட்ஸே எதிரணியின் எல்லைக்கு அருகில் பந்தை இழந்தார். நான் பழக்கத்தில் எங்கள் ஊர் ஆட்டங்களில் நடப்பதைப்போல எல்லோரும் பின்னோக்கி ஓடுவார்கள் என்று பின்வரிசையைப் பார்த்தேன். யாரும் ஓடி வரவில்லை. மஞ்சள் சட்டைகள் நான்கைந்து, கயிற்றைச் சுண்டி இழுத்தாற்போல, பந்தை நோக்கி ஒரே நேரத்தில் குவிந்தன. எதிரணி வீரர் தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் பந்து மீண்டும் கோட்ஸேயிடம் இருந்தது. கேகன்பிரெஸ்ஸிங் என்று அவர்கள் சொல்வது இதைத்தான். இதற்கு விலையுயர்ந்த வீரர்களைவிட, சலிக்காமல் ஓடக்கூடிய, சொன்னதைக் கேட்கக்கூடிய இளைஞர்களே தேவை. காசு இல்லாத கழகத்திற்குப் பொருந்திய முறை அது.

அந்த முறைக்கு ஏற்ற ஆட்களைத்தான் ஸோர்க் தேடினார். ஜப்பானின் செரேஸோ ஒசாகாவிடமிருந்து ஷின்ஜி ககாவா வெறும் 3,50,000 யூரோவிற்கு வந்தார். லூகாஷ் பிஷ்செக் ஹெர்த்தா பெர்லினிலிருந்து பணமே இல்லாமல் வந்தார். போலந்திலிருந்து வந்த ராபர்ட் லெவன்டாஃப்ஸ்கி முதல் பருவத்தில் பெரும்பாலும் லூகாஸ் பாரியோஸுக்கு மாற்றாகவே இறங்கினார். அவரை அவசரப்பட்டுத் தூக்கி எறியாதது எவ்வளவு பெரிய முடிவு என்பது பிறகு உலகுக்கே தெரிந்தது. கெவின் க்ரோஸ்க்ராய்ட்ஸ், சிறுவயதில் அதே தெற்கு மேடையில் நின்று கத்திய உள்ளூர்ப் பையன். 2011 ஏப்ரல் 30 அன்று நூர்ன்பெர்க்கை 2-0 என்று வென்று பட்டத்தை உறுதி செய்த அணி இதுதான். அந்தப் பருவத்தில் அவர்கள் வாங்கிய கோல்கள் 22.

இந்தப் பட்டத்தைவிட அடுத்த பருவத்தின் தொடக்கமே என் கருத்துக்குப் பெரிய சான்று. நடுக்களத்தின் உயிராக இருந்த நூரி ஷாஹின் ரியல் மட்ரிட்டுக்குப் போய்விட்டார். அவருடைய இடத்திற்கு நூர்ன்பெர்க்கிலிருந்து வந்த இல்காய் குந்தோகான் முதல் சில மாதங்கள் தடுமாறினார். முதல் ஆறு ஆட்டங்களில் மூன்று தோல்வி. சாம்பியன்ஸ் லீக்கிலும் அவர்கள் தங்கள் பிரிவில் கடைசி இடத்தில் வெளியேறினார்கள். என் கழகமாக இருந்திருந்தால் அந்த ஆறாவது ஆட்டத்தின் இரவே ஓர் அறிக்கை வந்திருக்கும். டோர்ட்மண்டில் யாரும் யாரையும் மாற்றவில்லை. குந்தோகானுக்குக் காலம் கொடுத்தார்கள். மீதமிருந்த 28 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர்கள் தோற்கவில்லை. 81 புள்ளிகளுடன் லீக்கை வென்று, ஜெர்மன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், தங்களுக்கு ஒரு காலத்தில் கைமாற்று கொடுத்த பயர்னை 5-2 என்று வீழ்த்தினார்கள்.