கொள்ளுத்தாத்தா எடுக்காத படங்கள்

ஊர் வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம் என்று பெரியப்பா போனில் சொன்னதும் எனக்குப் பரண்மேல் கிடக்கும் தகரப்பெட்டி ஞாபகம்தான் வந்தது. "அதுல இருக்கிற சிங்கப்பூர் ஆல்பத்தைப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடாதீங்க பெரியப்பா" என்றேன்.

"போடா, எங்க தாத்தா தன் கையால எடுத்த படம்டா அது. அதைப் போய்ப் போடுவேனா?"

எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். கொள்ளுத்தாத்தா 1923இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். போகும்போது ஒரு டிரங்குப் பெட்டி, வரும்போது ஒரு கேமரா என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை. கேமராவை யாரும் பார்த்ததில்லை. ஆல்பத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நானும் இப்போது பத்து வருடமாகச் சிங்கப்பூரில்தான் இருக்கிறேன் என்பதால், அடுத்த முறை ஊருக்குப் போனபோது அதை வாங்கிக் கைப்பையிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.

கறுப்பு அட்டைத் தாள்களில் 34 படங்கள். துறைமுகம், ஆறு, தெருக்கள். ஒன்பது படங்களில் மட்டும் தீவுகள். ஒவ்வொன்றுக்கும் கீழே என் தாத்தா, அதாவது பெரியப்பாவின் அப்பா, நீல மையில் "சிங்கப்பூர் 1925" என்று எழுதிவைத்திருந்தார். எல்லாமே 1925. முதல் சந்தேகம் அங்கேதான். எழுதியிருந்தது பால்பாயிண்ட் பேனாவில். நம் ஊரில் அந்தப் பேனா புழங்கியதே சுதந்திரத்துக்கு அப்புறம்தான். ஆக, படம் எடுத்த காலத்தில் எழுதிய குறிப்பு இல்லை அது. பல வருடம் கழித்துக் குத்துமதிப்பாகப் போட்ட ஆண்டு.

இதெல்லாம் இப்போது நிதானமாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. தெரியாததால் செய்த தப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழைய படங்களைப் புதிதுபோல ஆக்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்திருந்த ஒரு கடையில் ஆறு படங்களைக் கொடுத்தேன். பளிச்சென்று வந்தன. அதில் ஒன்று, நீராவிக் கப்பல் நங்கூரமிட்டு நிற்க, பின்னால் ஒரு தீவும் புகைபோக்கியும் தெரியும் படம். திரும்பி வந்த படத்தில் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. கேட்டால், "மேலே கறை இருந்துச்சு சார், எடுத்துட்டோம்" என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அசலை லென்ஸில் பார்த்தபோதுதான் புரிந்தது, அது கறை இல்லை, புகை. புலாவ் பிரானி தீவில் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1890இல் தொடங்கிய வெள்ளீய உருக்காலையின் புகை. மலாயாவில் தோண்டிய வெள்ளீயத் தாது அங்கே வந்துதான் உருகியது. அந்தத் தீவை அடையாளம் காட்டவே இந்தப் புகை ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் அழித்துக் கொடுத்தார்கள்.

அப்புறம் பழைய ஸ்கேனர் ஒன்றை நானே வாங்கினேன். தட்டையாக வைத்து எடுப்பது. அஞ்சலட்டை அளவுக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, சின்னப் படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்ய வேண்டும். பழுப்பேறிய நிறத்துக்கும் பென்சில் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் தெரியும். தானாகச் சரிசெய்யும் வசதிகள் அத்தனையையும் அணைத்துவிட்டேன்.

இரண்டாவது தப்பு என் கையாலேயே நடந்தது. பின்பக்கம் பார்க்கும் ஆசையில், ஒரு தீவுப் படத்தைக் கெட்டில் ஆவியில் காட்டி உரித்தேன். பசை இளகுவதற்கு முன்னால் அட்டையின் மேல்தோல் ஊறிவிட்டது. இழுத்த இழுப்பில் கீழ்மூலை கிழிந்து ஆல்பத்திலேயே தங்கிவிட்டது. அச்சிட்ட தலைப்பு இருந்ததே அந்த மூலையில்தான். தீவின் பெயர் பசையோடு பசையாகக் கூழாகிப் போனது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஆவணக்காப்பு வேலை தெரிந்த ஒருவர் சொல்லித்தந்தார்: ஆவி, தண்ணீர் எதுவும் கூடாது, பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் விட்டு, ரம்பம் இழுப்பதுபோல மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு படத்துக்கு அரைமணி நேரம் ஆனது. வராததை வராமலே விட்டுவிட்டேன்.

வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று வாங்கியதும் குடும்பக் கதை ஆட்டம்காண ஆரம்பித்தது. நிஜமான போட்டோவை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் நிழல் நிழலாகவே இருக்கும். அச்சடித்த படத்தில் புள்ளிகளோ, வெடித்த களிமண் மாதிரி ஒரு நொறுங்கலோ தெரியும். 34இல் 22 அச்சடித்த அஞ்சலட்டைகள். சிலவற்றின் பின்பக்கம் லாம்பர்ட் கம்பெனியின் பெயர். 1867இல் ஜெர்மானியரான குஸ்தாவ் ரிச்சர்ட் லாம்பர்ட் சிங்கப்பூரில் தொடங்கிய ஸ்டுடியோ அது. மீதி பன்னிரண்டும் நிஜ போட்டோக்கள்தான். இருட்டான பகுதிகளைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பூச்சுபோல மின்னின. கொள்ளுத்தாத்தாவுக்கு அந்தப் பன்னிரண்டாவது மிஞ்சும் என்று நினைத்தேன்.

தேதி கண்டுபிடிக்கும் வேலைக்கு ஒரு பழக்கம் வேண்டும். படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட, எது இல்லை என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரப் படம் ஒன்று. விக்டோரியா மண்டபத்தின் மணிக்கூண்டு தெரிகிறது. அது 1906இல் எழும்பியது. ஆனால் அதன் பக்கத்தில் ஆண்டர்சன் பாலம் நிற்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர். பாலம் திறந்தது 1910 மார்ச்சில். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது படம். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தைப் பக்கத்தில் இருந்த யாருக்கும் விளக்க முடியவில்லை.

இன்னொன்றில், சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸின் சிலை பாடாங் புல்வெளி நடுவில் நிற்கிறது. 1887இல் அங்கே வைத்த சிலை, நகரத்தின் நூற்றாண்டு விழாவுக்காக 1919 பிப்ரவரியில் மணிக்கூண்டின் முன்னால் இடம் மாறியது. புல்வெளியில் பந்து விளையாடியவர்கள் உதைத்த பந்தெல்லாம் அதன் மேல்தான் பட்டதாம். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் படத்தில் கோபுரம் ஒல்லியாக, படிப்படியாக, பொம்மைகள் குறைந்து இருக்கிறது. இப்போது நாம் பார்க்கும் கோபுரம் 1925இல் கட்டியது. தெருப் படங்களில் மின்சார டிராம் இருந்தால் 1905க்கும் 1927க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளலாம். ஜான்ஸ்டன் படித்துறை இருந்தால் 1933க்கு முன்னால். அந்த வருடம்தான் கிளிஃபோர்டு படித்துறை வந்தது.

இதில் ஒரு பொறி உண்டு. அஞ்சலட்டை அச்சடித்தவர்கள் பழைய நெகட்டிவையே பல வருடம் ஓட்டினார்கள். ஒரு அட்டையில் "நியூ ஹார்பர்" என்று அச்சிட்டிருந்தது. அந்த இடத்துக்குக் கெப்பல் துறைமுகம் என்று 1900இலேயே பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் அட்டையின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பாதியில் முகவரி, மறுபாதியில் சேதி எழுத இடம். பிரிட்டன் அந்த முறையைக் கொண்டுவந்ததே 1902இல். பெயர் ஒரு காலம், அட்டை ஒரு காலம். தபால்தலை இருந்திருந்தால் ராஜா தலையைப் பார்த்தே சொல்லியிருக்கலாம். அனுப்பப்பட்ட ஒரே அட்டையின் தபால்தலையையும் என் அத்தை மகன் பள்ளிக்கூடக் காலத்தில் உரித்துத் தன் சேகரிப்பில் ஒட்டிக்கொண்டான். கேட்டால் சிரிக்கிறான்.

நிஜ போட்டோக்கள் பன்னிரண்டில் ஏழு, 1919க்கு முந்தையவை. 1923இல் வந்தவர் எடுத்திருக்க முடியாது. மிச்சம் ஐந்தில் மூன்று, தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தொகுப்பில் அப்படியே கிடைத்தன. ஒரே மேகம், ஒரே படகு, ஒரே கூலியாளின் தலைப்பாகை. கடையில் விற்ற படங்களை வாங்கியிருக்கிறார், மிச்சம் இரண்டும் அப்படித்தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நகரத்தைவிடத் தீவுகள் படுத்திய பாடு பெரிது. நகரத்தில் கட்டடம் கைகொடுக்கும். தீவில் தென்னை மரம், அலை, ஒரு படகுத்துறை. கரை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் கடலைத் தூர்த்துக் கரையையே மாற்றிவிட்டார்கள். பிரானி இப்போது கண்டெய்னர் முனையம். படத்தில் பீரங்கிக் கோட்டையோடு நிற்கும் பிளாக்கான் மாத்திதான் இன்றைய செந்தோசா. புக்கோம் மட்டும் சுலபம். உருண்டை எண்ணெய்த் தொட்டிகள் காட்டிக்கொடுத்துவிடும். சூயஸ் கால்வாய் வழியாக வந்த முதல் எண்ணெய்க் கப்பல் மியூரெக்ஸ், 1892இல் சரக்கு இறக்கிய தீவு அது. மற்றவற்றுக்குக் குன்றுகளின் விளிம்புக்கோட்டை டிரேசிங் தாளில் வரைந்து, காப்பகப் படங்களின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியாக, நான் மூலையைக் கிழித்த அந்த அட்டை. படகுத்துறை, அதன் பின்னால் நீளமான கொட்டகைகள், மேலே குன்று. தாத்தாவின் பால்பாயிண்ட் குறிப்பு: "சுற்றுலா". உரித்த அன்றைக்குப் பின்பக்கம் வெறுமையாகத்தான் தெரிந்தது. ஸ்கேன் செய்து, கணினியில் வெளிச்சத்தைக் குறைத்தபோது மங்கலான பென்சில் எழுத்து எழும்பி வந்தது. "இங்கே ௭ நாள்."

தமிழ் எண்ணில் ஏழு. தாத்தாவின் கையெழுத்து இல்லை. அவர் தமிழ் எண் எழுதி நான் பார்த்ததில்லை.

டிரேசிங் தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். குன்றின் கோடு செயின்ட் ஜான்ஸ் தீவோடு பொருந்தியது. 1874 முதல் அங்கே குவாரண்டைன் நிலையம். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் டெக்கில், அதாவது கப்பலின் மேல்தட்டில், படுத்து வந்த கூலிகளை, அம்மையும் காலராவும் ஊருக்குள் வராமல் இருக்க, முதலில் அங்கேதான் இறக்கி வைத்திருந்தார்கள். கப்பல் வந்த செய்திகளைப் பழைய செய்தித்தாள்களில் தேடினால் கேபினில் வந்த துரைமாரின் பெயர்கள் இருக்கும். டெக் பயணிகள் வெறும் எண்ணிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரீனா சவுத் படித்துறையில் படகேறி அந்தத் தீவுக்குப் போய்வந்தேன். குடும்பம் குடும்பமாகச் சோற்று டப்பாவோடு வந்திருந்தார்கள். தாத்தா எழுதிய "சுற்றுலா" அந்த வகையில் பொய்யில்லை. டிரேசிங் தாளை உயர்த்திப் பிடித்துக் குன்றோடு ஒட்டிப் பார்த்தேன். மரங்கள் வளர்ந்துவிட்டதால் வலது ஓரம் மட்டும்தான் பொருந்தியது.

பெரியப்பாவிடம் சொல்ல ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். சொன்னதும், "அப்ப தாத்தா ஒரு படம்கூட எடுக்கலையா?" என்றார்.

"இல்ல பெரியப்பா. எல்லாம் வாங்கினது."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். அப்புறம், "அந்த ஏழு எப்படி எழுதியிருக்கார், எனக்கு அனுப்பு" என்றார். அனுப்பினேன். புது வீட்டு ஹாலில் மாட்டப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். படத்தை இல்லை, அந்தப் பின்பக்கத்தை.