ஃபியூஸ் போகாத மில்

1990-களின் தொடக்கத்தில், கோவைப் பக்கத்துப் பழைய நூற்பாலை ஒன்றின் மின்பிரிவில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். முதல் கோடையிலேயே நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பகுதியிலிருந்து ஒரு பணியாளர் வந்து, “ஏனுங்க சார், மிசின்ல கை வெச்சாச் சுருசுருங்குதுங்க” என்றார். மோட்டாரைப் பிரித்து, மின்காப்பைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்த்தோம். காப்பு நன்றாகவே இருந்தது. திரும்ப மாட்டிய பிறகும் சுருசுருப்பு நிற்கவில்லை. போர்மேன் அண்ணன், “ஃபியூஸே போகலை, அப்புறம் என்ன எர்த் ஃபால்ட்டு?” என்று சிரித்தார். மின்சாரம் இயந்திரத்தின் பாடிக்கு, அதாவது உலோக உடலுக்குக் கசிவதைத்தான் எர்த் ஃபால்ட் என்பார்கள்.

கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு ஒவ்வொரு இயந்திரத்தின் எர்த் கம்பியையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போனபோது, புகார் வந்த இடத்துக்கு மூன்று இயந்திரம் தள்ளி, 6 ஆம்பியர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்தவர் மரப்பலகைமேல் நின்றதால் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. புகார் சொன்னவரோ ஈரச் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தார். எல்லா இயந்திரங்களின் எர்த் கம்பிகளும், மண்ணோடு இணையும் ஒரே ஜோடி எர்த் குழிகளில் சேர்ந்திருந்தன. கோடையில் குழிகளில் நிரப்பிய கரியும் உப்பும் காய்ந்து அவற்றின் மின்தடை 5 ஓமாக ஏறியிருந்தது. ஆகவே குறையற்ற மோட்டார்களின் பாடியிலும் 30 வோல்ட் நின்றது. கெட்ட மோட்டார், மூன்று சுற்றுகளும் ஒரு முனையில் சேரும் ஸ்டார் இணைப்பில் ஓடியது. மின்னழுத்தம் குறைவான அந்த நடுமுனைக்கு அருகே காப்பு வெந்திருந்ததால்தான் கசிவு 6 ஆம்பியரோடு நின்றது.

240 வோல்ட் வரும் பேஸ் முழுதாகவே பாடியில் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். மின்சாரம் திரும்பிச் சேரும் டிரான்ஸ்பார்மர் நியூட்ரலின் குழி 1 ஓம், நம் குழி 5 ஓம். 240 வோல்ட்டை 6 ஓமால் வகுத்தால் 40 ஆம்பியர். அங்கிருந்ததோ 63 ஆம்பியர் ஃபியூஸ். அது போகாது, பாடியில் 200 வோல்ட் நிற்கும், அதுவும் அந்தக் குழிகளோடு சேர்ந்த எல்லா இயந்திரங்களிலும். இத்தனைக்கும் 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 61-ஆம் விதி கேட்ட இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகளும் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒழுங்காக இருந்தன. ஆய்வுக்கு வருபவர்களிடம் அவற்றைப் பெருமையோடு காட்டுவார்கள்.

போர்மேன் குழிகளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மின்தடை 3 ஓமுக்கு இறங்கியது, சுருசுருப்பும் குறைந்தது. ஆனால் அப்போதும் முழுப் பழுது நேர்ந்தால் 60 ஆம்பியரும் 180 வோல்ட்டும்தான். பிழை குழியில் இல்லை, பழுது மின்சாரம் மண் வழியாகவே திரும்பிப் போக வேண்டியிருந்த அமைப்பில் இருந்தது. இதை நிர்வாகத்துக்குப் புரியவைக்க எட்டு மாதம் ஆயிற்று, இரும்புப் பட்டைக்குப் பணம் கேட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கடைசியில் நியூட்ரலிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்தின் எர்த் வரை துத்தநாகம் பூசிய பட்டையை இழுத்து இணைத்தோம். அந்தச் சுற்றின் தடை அரை ஓமுக்குள் வந்தது. இனிப் பழுது நேர்ந்தால் 480 ஆம்பியருக்குக் குறையாமல் பாயும்.

அடுத்த மழைக்காலத்தில் ஓர் இரவு, வேறொரு ஃபிரேமின் மோட்டார் கருகி, ஃபியூஸ் பட்டென்று வெடித்தது. யாருக்கும் சுருக்கென்றுகூட இல்லை. காலையில் ஷிப்ட் புத்தகத்தில் போர்மேனின் கையெழுத்தில், “புது எர்த் போட்டதிலிருந்து ஃபியூஸ் போகிறது, 40 நிமிடம் உற்பத்தி நஷ்டம்” என்று எழுதியிருந்தது.