மர ஸ்டீயரிங் மாட்டுவதற்கு முன்னால் ஹப்பைப் பாருங்கள்

மர ஸ்டீயரிங் வாங்கப் போகிறவர்களுக்குக் கண்ணெல்லாம் மரத்தின் மேலேயே இருக்கும். ஈட்டி மரமா, மகோகனியா, பாலிஷ் எப்படி மின்னுகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த வளையத்தைக் காரோடு சேர்த்துப் பிடிப்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் துண்டு. கடையில் ஹப் என்பார்கள், பாஸ் கிட் என்றும் சொல்வார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் உயிர் இருப்பது அதில்தான். அதனால் முதலில் ஹப், பிறகு மரம்.

அதற்கும் முன்னால் ஏர்பேக். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அப்படிப்பட்ட காரில் மர ஸ்டீயரிங் மாட்டாதீர்கள். ஏர்பேக்கைக் கழற்றினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும்; பல கார்களில் சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் அமைப்பும் அதே கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருப்பதால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி விளக்கை அணைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அணைவது விளக்கு மட்டும்தான். இந்தப் பதிவு ஏர்பேக் இல்லாத கார்களுக்கானது: பழைய எம்.ஜி., ட்ரையம்ஃப், ஃபியட், ஜப்பானிலிருந்து வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5 போன்றவை. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்ற அந்த மாஸ்டாவுக்கு 1990-ல் வந்த வி ஸ்பெஷல் மாடலில் கம்பெனியே நார்டி மர ஸ்டீயரிங்கை மாட்டித்தான் விற்றது.

இன்னொன்று, பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்: கேரள மோட்டார் வாகனத் துறை (எம்.வி.டி.) மாற்றங்கள் செய்த வண்டிகளை விடமாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கானது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாக விளக்கியது. பதிவு செய்த ஆர்.டி. ஆபீஸில் முன்கூட்டியே கேளுங்கள், இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பழைய ஸ்டீயரிங்கை அதன் நட்டோடு பெட்டியில் பத்திரமாக வையுங்கள்.

இனி ஹப். ஸ்டீயரிங் ஷாஃப்டின் நுனியில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருக்கும். ஸ்பிளைன் என்பது அதுதான். ஹப்பின் உள்துளையிலும் அதே பற்கள் இருக்க வேண்டும். எண்ணிக்கை, விட்டம், நேர்ப்பல்லா கூம்புப்பல்லா என்ற மூன்றும் பொருந்த வேண்டும். கையால் தள்ளினால் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் ஏறுகிறது என்றால் அது உங்கள் காருக்கான ஹப் இல்லை. முழுதாக உட்கார்ந்த பின் நட்டைப் போட்டால், நட்டுக்கு மேலே குறைந்தது ஒரு முழு மரையாவது வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் ஹப் அடியில் எங்கோ இடித்துக்கொண்டு நிற்கிறது. பெரும்பாலும், திரும்பி முடித்ததும் இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் கேன்சல் வளையத்தின் மேல்.

கோயம்புத்தூர் பக்கத்தில் இருப்பதால் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. "கொண்டு வாங்க, ஒரு மணி நேரத்துல கடைஞ்சு தர்றேன்" என்பார்கள். லேத்தில் வெறும் வட்டத் துளைதான் வரும். ஸ்பிளைனுக்கு புரோச் என்ற பல்வெட்டும் கருவியோ, ஸ்லாட்டிங் மெஷினில் பல் பல்லாக எண்ணி வெட்டுவதோ வேண்டும். வட்டத் துளை போட்டு, பக்கத்தில் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ இரண்டு வைத்து இறுக்கிய ஹப்பை மாட்டவே மாட்டாதீர்கள். இறுகித்தான் இருக்கும், ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசியில் ஏதாவது ஒன்றில் ஷாஃப்ட் நிற்கும், வளையம் மட்டும் சுற்றும். பழைய ஸ்டீயரிங்கின் நடுப்பகுதியை அறுத்து அதன்மேல் தட்டு வைத்து வெல்டிங் செய்வதும் அப்படித்தான். வெல்டின் சூட்டில் துளை கோணும், விரிசல் எங்கே தொடங்குகிறது என்று வெளியே தெரியாது.

அதே பட்டறை வேறொரு இடத்தில் உதவும். மோமோ, ஸ்பார்கோ, ஓ.எம்.பி. ஸ்டீயரிங்குகளில் ஹப்போடு சேரும் ஆறு துளைகளும் 70 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும், நார்டியில் 74 மி.மீ. பார்த்தால் ஒன்றுபோல் தெரியும், ஸ்க்ரூ இறங்காது. துளைக்குத் துளை 2 மி.மீ.தான் வித்தியாசம் என்று அரத்தால் ராவி நீட்டிவிடுகிறார்கள். 5 மி.மீ. ஸ்க்ரூவின் தலை உட்காரும் கூம்பே போய்விடும். பிறகு எத்தனை தடவை முறுக்கினாலும் வளையம் நகரும். இதற்கு 10 மி.மீ. கனத்தில் நல்ல அலுமினியத் தட்டு ஒன்றைக் கடையச் சொல்லி, 70-க்கு ஆறு துளை, அவற்றிலிருந்து 30 டிகிரி தள்ளி 74-க்கு ஆறு துளை போட்டு இடையில் வையுங்கள். வளையம் 10 மி.மீ. உங்கள் பக்கம் வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கை வாங்கும் முன்பே போட்டுவிடுவது நல்லது. ஷாஃப்டைச் சுற்றியுள்ள குழாய்தான் ஸ்டீயரிங் காலம் (column); அதன் மூடியின் விளிம்பிலிருந்து பழைய வளையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து கொள்ளுங்கள். 110 மி.மீ. என்றால், ஹப்பின் உயரமும், புதிய வளையம் தன் நடுத்தட்டிலிருந்து உங்கள் பக்கம் முன்வரும் அளவான குழிவும் சேர்ந்து அதற்குப் பக்கத்தில் வர வேண்டும்: 75 மி.மீ. ஹப், 35 மி.மீ. குழிவு. அதிகமானால் வளையத்தில் கை வைத்தபடி இண்டிகேட்டர் தண்டை விரல் எட்டாது. குறைந்தால் விரல் கணு தண்டில் இடிக்கும். விட்டத்திலும் ஆசைப்பட வேண்டாம். 400 மி.மீ. வளையத்தை எடுத்துவிட்டு 350 வைத்தால் திருப்ப வேண்டிய பலம் 14 சதவீதம் கூடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில், நின்ற இடத்தில் திருப்பும்போது தோள் அதைச் சொல்லிவிடும். 360-க்குக் கீழே போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

கழற்றும் நாளில் வண்டியைச் சமதளத்தில், முன்சக்கரங்கள் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஹாரன் மூடியை எடுத்ததும் நடுவில் பெரிய நட் தெரியும், எம்.எக்ஸ்-5-ல் 21 மி.மீ. சாக்கெட். ஷாஃப்டின் நுனியிலும் பழைய ஹப்பிலும் நேர்க்கோட்டில் ஒரு பெயின்ட் புள்ளி வையுங்கள். நட்டை முழுக்கக் கழற்ற வேண்டாம். இரண்டு மூன்று மரை பிடித்திருக்கட்டும். இழுக்கும்போது ஸ்டீயரிங் பட்டென்று விட்டுவந்தால் நட்டில் தடுத்து நிற்கும். இல்லையென்றால் உங்கள் பல்லில்தான் வந்து நிற்கும்.

வரவில்லையென்றால் புல்லர் என்ற இழுப்புக் கருவியை வாங்கிப் போடுங்கள். ஷாஃப்ட் நுனியில் சுத்தியலால் அடிக்காதீர்கள். விபத்தில் நெஞ்சில் குத்தாமல் உள்வாங்கிக்கொள்ளும்படி செய்த ஸ்டீயரிங் காலம் என்றால், அதன் இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பிடிப்பவை பல நேரம் சிறு பிளாஸ்டிக் முளைகள்தான். நான்கு அடியில் அவை நறுங்கிப்போகும். அப்புறம் ஸ்டீயரிங் முன்னும் பின்னும் ஆடும், ஸ்டீயரிங் காலம் முழுவதையுமே மாற்ற வேண்டிவரும். அதேபோல் நட்டைத் திருகும்போது ஸ்டீயரிங் லாக்கை நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் சிறு நாக்கு முறியும். பக்கத்தில் ஒருவரை வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புதிய ஹப்பின் முதுகில் ஒன்றோ இரண்டோ காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை கேன்சல் வளையத்தின் பள்ளத்தில் உட்கார வேண்டும். தப்பினால் ஒரு பக்க இண்டிகேட்டர் தானாக அணையாது, அல்லது காது உடைந்து உள்ளே விழும். நட்டை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும், எம்.எக்ஸ்-5-க்கு 39 முதல் 49 நியூட்டன் மீட்டர். மற்ற கார்களுக்கு அவற்றின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் அளவு. நைலான் பூட்டுள்ள நட் என்றால் புதிது போடுங்கள்.

நேராக வரவில்லை என்ற புலம்பல் அடிக்கடி கேட்பது. 36 பல் உள்ள ஷாஃப்டில் ஒரு பல் என்பது 10 டிகிரி. அதனால் 10 டிகிரி கோணலை ஒரு பல் தள்ளி மாட்டிச் சரிசெய்யலாம். 4, 5 டிகிரி கோணலை ஹப்பில் சரிசெய்யவே முடியாது; அது அலைன்மென்ட் கடையில், சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளான இரண்டு டை ராடையும் சமமாகத் திருப்பிச் செய்ய வேண்டிய வேலை.

ஹாரனுக்கு ஒரு சங்கதி. பல கார்களில் ஹாரன் பட்டன் செய்வது எர்த் கொடுப்பது மட்டும்தான். அந்த எர்த் ஹப், ஷாஃப்ட் வழியாக பாடிக்குப் போக வேண்டும். பழைய கார்களில் ஷாஃப்டின் அடியில் ரப்பர் இணைப்பு இருந்தால் எர்த் அங்கேயே அறுந்துபோகும்; அதைத் தாண்டி ஒரு பின்னல் வயர் போடுங்கள். மல்டிமீட்டரில் ஹப்புக்கும் பாடிக்கும் இடையே ஓர் ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

வளையத்தின் ஆறு எம்-5 ஸ்க்ரூக்களையும் கையால் மரை பிடிக்கவிட்டு, எதிரெதிராக 5 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள். அலுமினிய ஹப்பில் மரை 8 மி.மீ.யாவது பிடிக்க வேண்டும். மரை தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நீல நிறம் ஒரு சொட்டு போதும். சிவப்பு போட்டால் அடுத்த முறை ஆலன் கீதான் உருளும்.

மரம். பாலக்காட்டுக் கணவாயில் இருப்பவர்களுக்கு இது தனிப் பாடு. ஜூனில் வாளையாறுக்கு மேற்கே மழை ஈரம், மார்ச்சில் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்று. ஒரே கார் இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. மரம் ஈரத்தில் குறுக்குவாக்கில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். உள்ளே இருக்கும் அலுமினியமோ ஈரத்துக்கு அசையாது, சூட்டுக்குத்தான் நீளும். கணக்குப் பாருங்கள்: 360 மி.மீ. வளையத்தின் சுற்றளவு 1130 மி.மீ. வெயிலில் நின்ற காரில் வளையம் 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் அலுமினியம் ஏறத்தாழ 1 மி.மீ. நீளும், மரம் நாரின் போக்கில் 0.2 மி.மீ.தான். இந்த 0.8 மி.மீ. இழுபறியைத் தாங்க வேண்டியது பசை. வளையத்தின் ஓரத்தில், மரமும் உலோகமும் சேரும் கோட்டில், தலைமுடி போன்ற கீறல் முதலில் தெரிவது இதனால்தான். நகத்தை அந்தக் கோட்டில் குறுக்கே ஓட்டினால் கண்ணுக்குத் தெரியும் முன்பே தட்டுப்படும்.

ஆசாரியிடம் கொடுத்துச் செய்வதாக இருந்தால் ஒன்றில் உறுதியாக இருங்கள்: ஒரே பலகையிலிருந்து வளையத்தை அறுக்கக் கூடாது. வளையத்தின் இரண்டு இடங்களில் நார் குறுக்கே ஓடும், அங்கே பிஸ்கட் மாதிரி முறியும். முறிந்த மரம் ஈட்டி முனைபோல் கூராக நிற்கும். சரியான முறை: 4 மி.மீ. கனமுள்ள 6061 ரக அலுமினியத்தில் ஆரக்கால்களும் முழு வளையமும் ஒரே துண்டாக வெட்டி, அதன் முன்னும் பின்னும் மரம். ஒரு பக்கத்துக்கு எட்டுத் துண்டு, 150 மி.மீ. நீளம், 45 அகலம், 14 கனம், இரு முனையும் 22.5 டிகிரியில் அறுத்தது. முன்பக்க இணைப்புகள் வரும் இடத்தில் பின்பக்கத் துண்டின் நடு வர வேண்டும். சேதாரத்தோடு 3 மீட்டர் சட்டம் போதும். கடைந்து முடிந்தால் பிடி 28 மி.மீ. கனம் நிற்கும்.

வெள்ளைப் பசை வேண்டாம், காரின் சூட்டில் இளகும். எப்பாக்ஸிதான். அலுமினியத்தை 80-ஆம் நம்பர் தாளில் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்த உடனே ஒட்டுங்கள். தேக்கு என்றால் மரத்தையும் துடைக்க வேண்டும், அதன் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. ஈட்டி அழகுதான், ஆனால் புது மரத்துக்குக் காகிதம் கேட்பார்கள். ரசீதோடு வனத்துறை டிப்போ மரமோ, பழைய கட்டில் காலோ கிடைத்தால் எடுங்கள், ஐம்பது வருடம் காய்ந்த மரம் இனி அசைவது குறைவு. பலாவும் நன்றாக வரும், மஞ்சள் நிறம் சில வருடத்தில் தேன் பழுப்பாகும்.

மேல்பூச்சுக்கு பிரெஞ்ச் பாலிஷ் வேண்டவே வேண்டாம். உள்ளங்கை வியர்வையில் பிசுபிசுக்கும், சானிடைசர் தடவிய கை பட்டால் கரைந்தே போகும். காருக்கு அடிக்கும் இரண்டு பாகக் கிளியர் கோட்டை ஐந்து கோட்டாக, இடையிடையே 600 தாள் போட்டு அடியுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளக்க வைக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. கை வழுக்கும், தூசி ஒட்டும், நாள்பட்டால் காறல் வாடை வரும்.

மாட்டி முடித்ததும் ஓட்டிவிடாதீர்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி எங்கும் உரசுகிறதா பாருங்கள். ஒவ்வொரு கால் சுற்றிலும் ஹாரன் அடியுங்கள். இரு பக்க இண்டிகேட்டரும் அணைகிறதா பாருங்கள். வளையத்தை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் பலமாக இழுங்கள். துளி ஆட்டமும் கூடாது. தெருவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று. 100 கிலோமீட்டர் ஓடியதும் ஹாரன் மூடியைத் திறந்து நட்டையும் ஆறு ஸ்க்ரூவையும் மறுபடி டார்க் ரெஞ்சில் சோதியுங்கள், அடுத்து மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை.