ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சி முடிந்தது

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேலை செய்யும் நண்பர்களுக்காக இது. 2022இல் வந்த சிப்ஸ் அண்ட் சயின்ஸ் சட்டப்படி (சிப் உற்பத்திக்கும் அறிவியல் ஆய்வுக்குமான அமெரிக்கச் சட்டம்), மத்திய அரசு ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் முக்கிய ஆய்வாளர்கள் அதற்கு முந்தைய 12 மாதங்களுக்குள் ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சியை, அதாவது ஆய்வுகளைத் திருட்டு, வெளிநாட்டுத் தலையீடு போன்றவற்றிலிருந்து காப்பது பற்றிய பயிற்சியை, முடித்திருக்க வேண்டும். நான் இன்று முடித்தேன். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் 4 பாடங்களையும் சுருக்கிய பாடம், சுமார் ஒரு மணி நேரம். சரி, அது பெரிய விஷயமில்லை.

வெளிநாட்டுத் தொடர்புகளைத் தெரிவிப்பது பற்றிய பகுதியைத்தான் நிதானமாகப் படித்தேன். வேறு நாட்டுக் கல்லூரியில் சம்பளமே இல்லாத கௌரவப் பதவி இருந்தாலும் நிதி விண்ணப்பத்தில் சொல்லிவிட வேண்டும். ஊரில் தாங்கள் படித்த கல்லூரிக்கே வருகைப் பேராசிரியராகப் பாசத்தோடு போய்வருபவர்கள் நம்மில் உண்டு. தயவுசெய்து அதை எழுதிவிடுங்கள். மறந்து விட்டதை மறைத்ததாக யாரும் நினைத்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. அப்புறம், வெளிநாட்டு ஆய்வாளர்களோடு முறைப்படி சேர்ந்து வேலை செய்வதற்குத் தடையில்லை. அதைப் படித்ததும் மனதுக்கு நிம்மதியாக இருந்தது.